ஓர் எழுத்தும் மாறாத வெப்சைட்

கடையின் வெப்சைட்டில் இனி ஓர் எழுத்தைக்கூட மாற்றப் போவதில்லை என்று ஜன்னல் திரைக் கடை முதலாளி திங்கட்கிழமை காலை பல் துலக்கும்போது முடிவெடுத்தார். வாயில் நுரையோடு உடனே அறிவித்தும் விட்டார். மனைவிக்குப் பாதிதான் புரிந்தது. கையிலிருந்த டம்ளர் ணங்கென்று மேடையில் இறங்க அந்தப் பாதியே போதும்.

முதலாளி என்பது அவர் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம். துணி தேர்ந்தெடுப்பது அவள். வெட்டுவது அவள். மடிப்பு வைத்துத் தைப்பது, வளையம் அடிப்பது, "நீலம்தான் கேட்டேன், ஆனா இது ரொம்ப நீலமா இருக்கே" என்று இழுக்கிறவர்களைச் சிரித்துச் சமாளிப்பது, எல்லாம் அவள். அவர் ஏணியில் ஏறிக் கம்பி மாட்டுவார். பிறகு இறங்குவார். இந்த ஏற்ற இறக்கத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் நிர்வாகம்.

வெப்சைட்டை ஒன்பது வருடத்துக்கு முன் அவரே உட்கார்ந்து செய்தார். முகப்பில் தலை நிறைய முடியோடு அவர் படம். கீழே 'நிறுவனர்'. அதற்கும் கீழே, பூதக்கண்ணாடி வைத்தால் தெரிகிற அளவில், 'மற்றும் பணியாளர்கள்'. அந்த 'மற்றும்'தான் அவள். விரலெல்லாம் ஊசி குத்திய தழும்பு, பெயர் 'மற்றும்'. இதற்குக் கோபப்படாமல் வேறு எதற்குக் கோபத்தைச் சேர்த்து வைப்பது?

சண்டையைக் கிளப்பியவர் பல் டாக்டர். கடை இரண்டு தெரு தள்ளி இடம் மாறி மூன்று வருடம் ஆகிறது. பழைய இடத்தில் இப்போது அவருடைய கிளினிக். வெப்சைட்டிலோ இன்னும் பழைய விலாசம். சனிக்கிழமை மனிதர் நேரிலேயே வந்துவிட்டார்.

"மேடம், இன்னைக்கும் ரெண்டு பேர். ஒருத்தர் நாற்காலியில சாஞ்சு, நான் வாயைத் திறங்கன்னு சொன்னப்புறம்தான், ஜன்னல் அளவெடுக்க எப்ப வருவீங்கன்னு கேட்டார்."

முதலாளியின் முகம் மலர்ந்தது. "பாத்தியா? வெப்சைட்டைப் பாத்து ஜனங்க வந்துக்கிட்டே இருக்காங்க."

"பல் டாக்டர்கிட்ட வந்திருக்காங்க."

"வந்தாங்களா இல்லையா?"

அந்தச் சண்டைதான் திங்கட்கிழமை டம்ளரோடு தொடர்ந்தது.

"அதுல இருக்கிற போன் நம்பர் செத்து நாலு வருஷம் ஆச்சுங்க."

"வேணும்னா தேடி வருவான்."

"புதிய வரவுன்னு ஒரு பூப்போட்ட துணி மின்னி மின்னி அணையுதே, அந்தத் துணியை நெய்யுற மில்லையே மூடிட்டாங்க."

"அதான் அபூர்வம்."

"போன்ல திறந்தா ஒரே ஒரு எழுத்து ஸ்க்ரீன் பூரா நிக்குது. மீதியை இழுத்து இழுத்துப் பாக்க வேண்டியிருக்கு."

"திரைக் கடைதானே. இழுத்துத்தான் பாக்கணும்."

"என் பேர் எங்க?"

அவர் குரலை உயர்த்தினார். பதில் இல்லாதபோது இந்த ஆண்களுக்குக் குரல் மட்டும் எங்கிருந்துதான் வருமோ. "பார்வையாளர் எண்ணிக்கை தினமும் ஏழு ஏறுது. அது என்ன தானா ஏறுதா?"

"நீங்கதான் தினமும் ஏழு தடவை திறக்குறீங்க."

காது சிவந்துவிட்டது அவருக்கு. "சரி, ஒரு மாசம். வர்ற ஒவ்வொருத்தரையும் நானே கேக்குறேன், எப்படி வந்தீங்கன்னு. பாதிப் பேருக்கு மேல வெப்சைட்னு சொல்லிட்டா, அதுல உள்ளதுதான் சட்டம். மாத்துற பேச்சே எடுக்கக் கூடாது."

"தோத்தா?"

"உன் பேரை என் பேருக்கு மேல போடுறேன்."

"யாருக்கு என்ன வேலைன்னு போட்டிருக்கே, அதுவும் சட்டமா?"

"அதுதான் முதல் சட்டம்."

"எழுதிக் கொடுங்க."

எழுதினார். கையெழுத்தும் போட்டார், இரண்டு கோடு இழுத்து.

அன்று மத்தியானம் அவள் பல் டாக்டரிடம் போய்விட்டு வந்தாள். கடைவாய்ப் பல் வலி என்றாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் வலிகளை விசாரிக்கிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

முதல் வாரம் கடை காற்று வாங்கியது. இரண்டாவது வாரத்திலிருந்து ஆள் வரத் தொடங்கியது. "வெப்சைட் பாத்துத்தானே வந்தீங்க?" என்று அவர் வாசலிலேயே மறிப்பார். "ஆமாங்க" என்பார்கள். நோட்டில் ஒரு கோடு. மாதக் கடைசியில் முப்பத்தொரு பேரில் இருபத்தாறு கோடு. எந்த வெப்சைட் என்று கேட்க வேண்டும் என்பது மட்டும் அவருக்கு உறைக்கவே இல்லை. உலகத்தில் இருப்பது ஒரு வெப்சைட், அது அவருடையது.

நோட்டை வெட்டும் மேசை மேல் போட்டார். "ஜெயிச்சாச்சு. இனிமே அதுல உள்ளதுதான் சட்டம்."

"சட்டம்தான்," என்றாள் அவள், கத்திரிக்கோலை நிறுத்தாமல்.

அப்போது கணக்கு டீச்சர் ஒருத்தி உள்ளே வந்தாள். அவர் வழக்கம்போல மறித்தார். "வெப்சைட் பாத்துத்தானே?"

"ஆமாங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு. மடிப்பு வகையெல்லாம் படம் போட்டு விளக்கியிருந்தீங்க."

மடிப்பு வகையா? அவர் செய்த வெப்சைட்டில் மடிந்து கிடந்தது அவர் சட்டைக் காலர் மட்டும்தான். டீச்சரின் போனை வாங்கிப் பார்த்தார். புது விலாசம். மனைவியின் போன் நம்பர். வெட்டும் மேசையருகே நிமிர்ந்து நிற்கிற அவள் படம், முழுப் பெயர், அடியில் 'உரிமையாளர், வடிவமைப்பாளர்'. கீழே இழுத்தார். இன்னும் இழுத்தார். கடைசியில் ஏணி உச்சியில் ஒரு முதுகு. வழுக்கையை வைத்து அது தன்னுடையது என்று தெரிந்துகொண்டார். 'கம்பி மாட்டுபவர்.'

"இது யார் செஞ்சது?"

"பல் டாக்டரோட வெப்சைட்டைச் செஞ்ச பொண்ணு. ஒரே வாரத்துல முடிச்சுட்டா."

"இது மோசடி."

"ஒன்பது வருஷமா நான் தைச்ச திரைக்கெல்லாம் நீங்க நிறுவனரா இருந்தீங்களே, அதுக்கு என்ன பேரு?"

டீச்சர் கொட்டாவி விடுவதுபோலக் கையால் வாயை மூடிச் சிரிப்பை மறைத்தாள்.

"உங்களோடதை ஒண்ணும் பண்ணலை," என்றாள் மனைவி. "உங்க ஆசைப்படியே ஓர் எழுத்து மாறாம அப்படியே இருக்கு. போன வாரம் எண்ணிக்கை நாற்பத்தொன்பது ஏறிச்சு."

ஏழேழு நாற்பத்தொன்பது. அவருக்கே தெரியும்.

குரலை உயர்த்தப் பார்த்தார். அது வரவில்லை. நோட்டு மேசை மேல் கிடந்தது, கையெழுத்துப் போட்ட சட்டம் அவள் கைப்பையில் இருந்தது. எந்த வெப்சைட் என்று அதிலும் அவர் எழுதியிருக்கவில்லை. கடைசியில் மெல்ல அவள் பக்கம் நகர்ந்தார்.

"யோசிச்சுப் பாத்தா, வெப்சைட்டுன்னா அப்பப்ப மாத்திக்கிட்டேதான் இருக்கணும் இல்லையா? முன்பக்கமா ஒரு படம், பேர்... காலத்துக்கு ஏத்த மாதிரி."

அவள் துணியின் மடிப்பை விரலால் நீவிவிட்டபடி சொன்னாள்.

"கீழே 'தொடர்புக்கு'ன்னு ஒரு பக்கம் இருக்கு. அதுல எழுதிப் போடுங்க. ரெண்டு வேலை நாள்ல பதில் வரும்."