ராமப்பன் சாரின் முன்னே பட்டன்

"முன்னே பட்டனை அழுத்தினா அசையவே மாட்டேங்குதும்மா" என்றார் ராமப்பன் போனில். "கல்லு மாதிரி நிக்குது."

ஓசூர் யூனிட்டில் இருந்த பவுலினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனியின் ஓசூர், பாகலூர் யூனிட் இரண்டுக்கும் லீவு கேட்கும் கம்ப்யூட்டர் அப்ளிகேஷனை எழுதியவள் அவள்தான். லீவு கொடுக்கிற அதிகாரமோ பாகலூரில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர் ராமப்பனிடம். வியாழக்கிழமை ஊத்தங்கரையில் அவள் தங்கை ப்ரீதாவுக்குக் கல்யாணம். இன்றைக்குச் செவ்வாய்.

போன வாரமே தன் லீவு விண்ணப்பத்தையே பூர்த்தி செய்து, திரை எப்படி இருக்கும் என்று படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருந்தாள். "பிரமாதம்" என்று பதில் வந்தது. நேற்று அப்ளிகேஷனும் பாகலூருக்குப் போயாயிற்று. இனி அவர் செய்ய வேண்டியது முதல் பக்கத்தில் 'முன்னே' என்ற பட்டனை அழுத்தி, அடுத்த பக்கத்தில் அனுமதி கொடுப்பது. ஒரே ஒரு பக்கம். அதைத் தாண்ட இந்த மனுசனுக்கு என்ன கேடு?

"இங்க நல்லா போகுதே சார்."

"அங்க போனா எனக்கு என்னம்மா?"

எல்லாக் கட்டமும் நிரம்பினால்தான் முன்னே போகலாம் என்று அவள் ஒரு காவல் வைத்திருந்தாள். அதுதான் மறிக்கிறதோ என்னவோ. கழற்றி எறிந்தாள். மத்தியானமே பெர்சனல் பிரிவு ராஜேஷ்குமார் எதிரே வந்து நின்றான்.

"மேடம், பிரஸ் ஷாப்புல பாதிப் பேரு தேதி போடாம லீவு கேட்டிருக்காங்க. ஒருத்தன் பேரே போடல. யாரு பேருல லீவு எழுதிக்கறது?"

"அப்ப பேப்பர்லயே வாங்குங்க. எனக்கும் ஒண்ணு குடுங்க, நானே போய் கையெழுத்து வாங்கிக்கறேன்."

"பேப்பரே கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னது நீங்கதான மேடம்? இருந்ததெல்லாம் எடைக்குப் போட்டாச்சு."

உண்மையைச் சொன்னதற்காகவே அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

புதன் காலையில் மறுபடி ராமப்பன்.

"முன்னே இன்னும் ஆகல்லம்மா. ஆனா பின்னாடி போற அம்பு ஒண்ணு வேலை செய்யுது. அழுத்தினா பிரியாணி வருது."

"பிரியாணியா?"

"வாழை இலையில. முட்டையோட."

அதே அப்ளிகேஷனில் கேன்டீன் பக்கமும் உண்டு. எவனோ அங்கே பிரியாணிப் படத்தை ஏற்றியிருக்கிறான், பின்னே போனால் அங்கே குதிக்கிறது என்று பல்லைக் கடித்தாள். கடந்து வந்த பக்கங்களையெல்லாம் அப்ளிகேஷன் உடனுக்குடன் மறந்துவிடும்படி மாற்றி எழுதினாள். மறந்தது. கூடவே தட்டச்சு செய்ததையும் மறந்தது. ராஜேஷ்குமார் இந்த முறை பிரஸ் ஷாப் ஆட்களோடு வந்தான்.

"பின்னாடி போனா அடிச்சதெல்லாம் போயிருதுக்கா" என்றான் முன்னால் நின்றவன். "அடிச்சு அடிச்சு விரலே வீங்கிருச்சு. நீங்களே வந்து அடிச்சுக் குடுங்க."

பட்டனே கண்ணில் படவில்லையோ என்று, அதைக் கைக்குட்டை அளவுக்குப் பெரிதாக்கிச் சிவப்படித்தாள்.

"சார், சிவப்பு பட்டனை அழுத்துங்க."

"சிவப்பு எங்கம்மா? பச்சையாத்தான இருக்குது."

"சிவப்பு சார்."

"பச்சைம்மா. எனக்குக் கண்ணு நல்லாவே தெரியுது."

போனை வைத்ததும் அம்மா கூப்பிட்டாள். "சாயங்காலம் நலுங்கு. கூடப் பொறந்தவ எங்கன்னு ஆளாளுக்குக் கேக்கறாங்க. என்னன்னுடி சொல்ல?"

"முன்னே பட்டன் வேலை செய்யலன்னு சொல்லு."

அம்மா பட்டென்று போனை வைத்துவிட்டாள். பவுலினாவுக்கு அழுகை முட்டியது. அழுதால் ராமப்பன் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று வண்டியை எடுத்தாள். பாகலூர் ரோட்டில் முன்னால் போன லாரி, குறுக்கே வந்த மாடு, எல்லாம் அவளிடம் திட்டு வாங்கின. அந்த ஆள் கையைப் பிடித்தாவது இன்றைக்கு அழுத்த வைப்பது என்று முடிவு கட்டியிருந்தாள்.

ராமப்பன் சிரித்த முகமாக வரவேற்றார். "வாம்மா, நீயே பாரு. உன் லீவுக்காக அழுத்தி அழுத்திக் கையே நோவுது."

அவர் கம்ப்யூட்டரில் அவள் பெயர், ப்ரீதா கல்யாணம், வியாழக்கிழமை, எல்லாம் சரியாக இருந்தன. கீழே முன்னே பட்டன் பச்சையாக இருந்தது. ராமப்பன் மவுஸை அதன்மேல் வைத்து ஓங்கி அழுத்தினார். அசையவில்லை. திரையின் ஓரத்தில் ஒரு சின்ன அம்பு தெரிந்தது. அதை அழுத்தினார். வாழை இலையில் பிரியாணி வந்தது, முட்டையோடு.

"பாத்தியா? நான் பொய் சொல்றனா?"

பவுலினா குனிந்து உற்றுப் பார்த்தாள். மவுஸை வாங்கித் தானும் ஒருமுறை அழுத்தினாள்.

அந்த யூனிட்டில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஜெயமணி பக்கத்து மேஜையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அது பவுலினாக்கா போன வாரம் மாதிரிக்கு அனுப்புன படம் சார், அதுக்கு முந்தின படம் உங்க பிரியாணி, நிஜ அப்ளிகேஷனை உங்க மெஷின்ல ஏத்தட்டுமான்னு திங்கக்கிழமையில இருந்து கேக்கறேன், லீவு குடுத்துட்டிருக்கேன், தொந்தரவு பண்ணாதேன்னு விரட்டி விடறீங்க."