கை அங்கிளுக்குக் கடலை ஆகாது

வேர்க்கடலை பட்டால் செத்துப்போகக்கூடிய ஒரு மனிதரைத் தேடிப் பிடித்து, வேர்க்கடலை எண்ணெய் ஸ்டோருக்குப் பொறுப்பாக உட்கார வைத்த கம்பெனி இந்தப் பூமியிலேயே எங்கள் கம்பெனி ஒன்றுதான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவர் கை அங்கிள்.

கம்பெனி கிள்ளானில் இருந்தது. நாய், பூனைகளுக்குச் சத்து எண்ணெய் தயாரிக்கும் சின்னத் தொழிற்சாலை. கடலை எண்ணெயையும் மீன் எண்ணெயையும் கலந்து, பம்பு வைத்த பாட்டிலில் அடைத்து ஏற்றுமதி செய்வோம். சாப்பாட்டில் ஓர் அழுத்து அழுத்தினால் நாயின் முடி பளபளக்கும் என்று லேபிளில் போட்டிருக்கும். அந்த லேபிளுக்குப் பொறுப்பு நான். மூன்று வேளையும் நாய் சாப்பாட்டோடு புழங்கியும் என் முடி கடைசிவரை பளபளக்கவில்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒரே கண்டிப்பு. கடலை எண்ணெய் முழுக்க ரீஃபைன் செய்ததாக இருக்க வேண்டும். ஒழுங்காக ரீஃபைன் செய்தால் கடலையின் புரதம் எண்ணெயில் தங்காது, கடலை ஆகாதவர்களையும் அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. செக்கில் ஆட்டிய எண்ணெயில் புரதம் தங்கிவிடும். நாய் அதைச் சாப்பிட்டுவிட்டு ஓடி வந்து வீட்டுக் குழந்தையின் வாயை நக்கும். அந்தக் குழந்தைக்குக் கடலை ஆகாது என்றால் நம் கதையும் முடிந்தது, குழந்தையின் கதையும் முடிந்தது.

இந்த இடத்தில்தான் கை அங்கிள் வருகிறார். போர்ட் கிள்ளானிலிருந்து லோரியில் டிரம் வந்து இறங்கியதும், மூடியைத் திறந்து ஒரு சொட்டு எடுப்பார். இடது முன்கையில் மார்க்கர் பேனாவால் சின்னக் கட்டம் போடுவார். கட்டத்துக்குள் எண்ணெய், கட்டத்துக்குக் கீழே அந்தச் சரக்கின் நாலு இலக்க நம்பர். பிறகு நுரை பொங்க ஆற்றிய டீ, ஒரு தே தாரேக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதைக் குடித்து முடிப்பதற்குள் தோல் தடித்துச் சிவந்தால் சரக்கு திரும்பிப் போகும். சும்மா இருந்தால் உள்ளே போகும்.

"சுபாங் ஜெயா லேப்புக்கு அனுப்புனா ஒரு வாரம் ஆகும். என் கைக்கு ஒரு தே போதும்லா" என்பார்.

இத்தனைக்கும் அவர் அப்பா கச்சாங் பூத்தே என்கிற வறுத்த கடலை வண்டி தள்ளியவர். பிள்ளைக்கு வீட்டு வியாபாரமே விஷம். மற்றவர்கள் இதை விதி என்று அழுதிருப்பார்கள். இவர் அதையே ஒரு பதவியாக மாற்றிக்கொண்டார். பதவிக்குரிய தலைக்கனமும் வந்துவிட்டது. கோயில் திருவிழாவிலும் முழுக்கைச் சட்டை போட மாட்டார். தேங்காய்ப்பால் சோற்றின்மேல் கடலை தூவித் தரும் நாசி லெமாக் கடையில் "கச்சாங் வேணாம் அக்கா, கரண்டியயும் மாத்துங்க" என்று சொல்லிவிட்டு, காரணம் கேட்பார்களா என்று ஆசையாக நிற்பார். கேட்டால் தீர்ந்தது, பின்னால் நிற்கிறவர்களுக்கு அன்றைக்குச் சாப்பாடு கிடையாது.

எங்கள் இருவருக்குமே வீடு பிரிக்பீல்ட்ஸில். காலையில் ஒரே கொமுட்டர் ரயிலில்தான் கிள்ளானுக்குப் போவோம். ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் சில அங்கிள்கள் எப்போதும் உட்கார்ந்திருப்பார்கள். கனவில் பாம்பு வந்தாலும், ரோட்டில் கார் மோதினாலும் அதற்கு ஒரு நாலு இலக்க நம்பர் பார்த்து லாட்டரிக் கடையில் காசு கட்டி எழுதுகிறவர்கள். கையிலேயே நாலு இலக்க நம்பரை எழுதிக்கொண்டு ஒரு மனிதர் தினமும் நடந்து வந்தால் விடுவார்களா? எழுதினார்கள். ஒரு தடவைகூட விழவில்லை.

"யோவ், உன் கைய நம்பி என் காசு போச்சுய்யா!"

"அது நாய்க்குள்ள நம்பர் பாஸ். மனுசனுக்கு வேலை செய்யாது."

திட்டிக்கொண்டே அடுத்த நாளும் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார்கள்.

முதலாளி அம்மாவை நாங்கள் மேடம் என்போம். மேடத்துக்கு இந்தச் சோதனை அடியோடு பிடிக்காது. "அங்கிள், உங்களுக்கு ஏதாச்சும் ஆனா நான் ஜெயிலுக்குப் போகணும்" என்பார். அங்கிள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, டிரம்முக்குப் பின்னால் போய்க் கட்டம் போடுவார். அந்தக் கை எப்போதும் உண்மை பேசியது என்றும் சொல்ல முடியாது. ஒரு தடவை தடித்துவிட்டது என்று ஒரு லோரிச் சரக்கையே திருப்பி அனுப்பினார். மறுநாள் பார்த்தால் முதுகிலும் கழுத்திலும் அதே தடிப்பு. கொசு கடித்திருந்தது. இன்னொரு தடவை புது மார்க்கரின் மை ஒத்துக்கொள்ளவில்லை. மேடம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கை அங்கிளின் சொல்லுக்கு அலுவலகத்தில் மதிப்பு குறைந்தது அப்போதிலிருந்துதான்.

பிறகு, கடல் தாண்டி வந்த காட்டுத்தீப் புகை ஊரையே மூடிய அந்தப் புகைமூட்ட வாரம் வந்தது. எதிர் பில்டிங் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆஸ்துமாக்காரரான அங்கிள் ரயிலில் உட்கார்ந்து மீன்போல வாயால் மூச்சு விட்டார். அந்த வாரத் தொடக்கத்தில், எங்களுக்குக் கடலை எண்ணெய் பிடித்துத் தரும் புரோக்கர் ஒரு சரக்கு அனுப்பினார். தமிழ்நாட்டிலிருந்து வந்து பெட்டாலிங் ஜெயாவில் ஆபீஸ் போட்டிருந்தவர், தேன் ஒழுகப் பேசுவார். கூடவே வந்த ரீஃபைன்ட் சான்றிதழ் பளிச்சென்று இருந்தது. வாசனை பார்க்கலாம் என்றால் எல்லோருக்கும் மூக்கடைப்பு, போதாததற்கு மீன் எண்ணெய் நாற்றம். அங்கிள் கட்டம் போட்டார், தே குடித்தார். கை சும்மா இருந்தது. எண்ணெய் கலவைக்குப் போய், பாட்டிலுக்குப் போய், லேபிளும் ஏறிவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை கண்டெய்னர் வாசலில் நின்றது. கப்பல் அன்றைக்கு விட்டால் போய்விடும். அப்போது அங்கிளின் மனைவி போன் பண்ணினார். அங்கிள் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"ஏங்க, கிளினிக்ல குடுத்த அந்த வெள்ள மாத்திர நேத்தோட முடிஞ்சிருச்சு. இன்னும் வாங்கவா?"

"இருமல் மாத்திரயா?"

"இருமலுக்கு எங்க குடுத்தாங்க? மூக்கு ஒழுகுதுன்னு அலர்ஜி மாத்திரல்ல குடுத்தாங்க."

அங்கிளின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். வாரம் முழுக்க அலர்ஜி மாத்திரை உள்ளே போயிருக்கிறது. மாத்திரை சாப்பிட்ட கை தடிக்காது. அந்தச் சரக்கை யாருமே சோதிக்கவில்லை என்று அர்த்தம்.

எடுத்து வைத்திருந்த சாம்பிள் ஜாடியைத் திறந்தார். மறுபடியும் கட்டம், மறுபடியும் அதே நம்பர், 4079. கை அசையவில்லை.

"இன்னும் தூங்குதுமா. மருந்து எறங்கல" என்றார் என்னிடம்.

மேடத்திடம் போய்க் கண்டெய்னரை நிறுத்தச் சொன்னார்.

"அங்கிள், சான்றிதழ் இருக்கு. உங்க கையும் ஓகேன்னு நீங்கதான் சொன்னீங்க. இப்ப உங்க மாத்திரைய நம்பி நான் கப்பல விடணுமா? போன தடவ மார்க்கர், அதுக்கு முன்னால கொசு!"

மேடம் சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. அங்கிளுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. ஸ்டோருக்குத் திரும்பி வந்து, ஜாடியில் விரலை விட்டு, உதட்டிலும் நாக்கிலும் தடவிக்கொண்டார்.

"ஐயோ அங்கிள்!"

"கை தூங்குனா வாயக் கேக்க வேண்டியதுதான்."

மேடம் ஓடி வந்தார். எல்லோரும் அவரைச் சுற்றி நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. "பாத்தீங்களா, ஒண்ணும் இல்ல" என்று மேடம் சொன்னபோது அவர் குரலில் அழுகை இருந்தது. லோரி டிரைவர் இஞ்சினைப் போட்டார். அப்போதுதான் அங்கிள் இருமினார். கீழுதடு மெல்லத் தடித்தது. தப்பித் தவறிக் கடலை பட்டால் போட்டுக்கொள்ள அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன்.

"போட்டுக்கங்க அங்கிள், ப்ளீஸ்!"

என் கையைத் தள்ளிவிட்டார். "இருமா. இப்பப் போட்டா அமுங்கிரும். மேடம் நல்லாப் பாக்கட்டும்லா."

மேடம் பார்த்தார். "கண்டெய்னர நிறுத்து!" என்று கத்தியது ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். அதற்குப் பிறகுதான் அங்கிள் மாத்திரையை வாங்கினார். விழுங்க முடியவில்லை. மேடமே காரை ஓட்டினார். புகையில் ரோடு தெரியாமல், ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஏற்கெனவே புகையில் வெந்துபோயிருந்த நுரையீரல் என்று டாக்டர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அங்கிள் போய்விட்டார்.

எனக்கு அவர்மேல் இன்றைக்கும் கோபம்தான். அரை நிமிடம் முன்னால் அந்த மாத்திரையை வாங்கியிருக்கலாம். கையில்தான் தலைக்கனம் என்று நினைத்திருந்தேன், மனிதருக்கு உடம்பு முழுக்க இருந்திருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டில் குளிப்பாட்டும்போது, கையிலிருந்த மார்க்கர் போகவில்லை என்று யாரோ நார் எடுத்துத் தேய்க்கப் போனார்கள். அங்கிளின் மனைவி ஆன்டி தடுத்துவிட்டார்.

"விடுங்க, தேய்க்காதீங்க. அது அவரோட ஆபீஸ் வேல."

அதனால் கட்டமும் நம்பருமாகவே படுத்திருந்தார். சாப்பாட்டுக் கடை அங்கிள்கள் வரிசையாக வந்து கும்பிட்டார்கள். கடைசியில் வந்தவர், பழக்க தோஷம், அந்தக் கையை லேசாகத் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார்.

அடுத்த வாரம் லேப் ரிசல்ட் வந்தது. எண்ணெயில் கடலைப் புரதம் இருந்தது. பாட்டில்கள் அத்தனையும் அழிக்கப்பட்டன. ரீஃபைன்ட் சரக்கு குறைந்ததால் கொஞ்சம் செக்கு எண்ணெயைக் கலந்து, பழைய சான்றிதழோடு அனுப்பினாராம் புரோக்கர். "செக்கு எண்ணெய் உசத்திதானுங்களே மேடம், நாய்க்கு நல்லதுதானேன்னு நெனச்சேன்" என்றார். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசைத் தூக்கிக்கொண்டு அவர் எந்த நரகத்துக்குப் போனாலும் எனக்குச் சம்மதம். அந்தப் பாட்டில் போகவிருந்த வீடுகளில் எந்தக் குழந்தைக்குக் கடலை ஆகாது என்று எங்களுக்குத் தெரியாது. அந்தக் குழந்தைக்கும் எங்கள் அங்கிளைத் தெரியாது.

அந்த வாரம் கடை அங்கிள்கள் எல்லோரும் 4079 எழுதினார்கள். நானும் எழுதினேன். வாழ்க்கையில் லாட்டரிக் கடைப் பக்கமே போகாத மேடம் என்னிடம் தனியாக வந்து, "இத எங்கமா எழுதணும்?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

நம்பர் விழவில்லை. முதல் தடவையாக யாரும் அவரைத் திட்டவில்லை.