எங்கட வீட்டுக்கு பாஸ் வாறதில்லை

"அம்மா, சாமியின்ர வீட்டில ஃபேன் பழுதாப் போனா எங்கட அப்பாவையோ கூப்பிடுவினம்?"

சுபோதினி ஐந்து வயதில் கேட்ட கேள்வி இது. வெள்ளவத்தையில் ஒரு கோயில். பூசை நடுவில் மின்விசிறி நின்றுவிட்டது. பிள்ளை எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டுவிட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தாய் நேசமலர் சிரிக்கவில்லை. தீபத்தைப் பார்த்தபடியே "ஓம்" என்றாள்.

சந்நிதியில் நின்று சொன்ன சொல். அதைப் பொய்யாக்க அவளுக்கு மனம் வரவில்லை. தன் கணவர் சிவபாதசுந்தரம் எதையும் திருத்துவார் என்று அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்லத் தொடங்கினாள். கொழும்பில் மேசனும் பாஸ்தான், தச்சரும் பாஸ்தான், வயர் இழுக்க வருகிறவரும் பாஸ்தான். "எங்கட வீட்டுக்கு பாஸ் வாறதில்லை. எல்லாம் இவர்தான்" என்று அவள் சொல்லும்போது சேலைத் தலைப்பைச் சற்று இழுத்துவிட்டுக்கொள்வாள். பட்டுச் சேலைக்குச் செய்வதைப் போல.

இதில் ஒரேயொரு குறை இருந்தது. சிவபாதசுந்தரத்துக்குத் திருத்தத் தெரியாது.

துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். எந்தச் சாமானையும் திறக்கத் தெரியும். மூடவும் ஓரளவு வரும். இடையில் நடக்க வேண்டியதுதான் வராது. கிரைண்டரைத் திறந்தார், அது மூச்சை நிறுத்தியது. அயன் பெட்டியைத் திறந்தார், வீடு முழுக்க ஃபியூஸ் போனது. ஒவ்வொரு முறையும் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்து, "சூடாப் போச்சு. கொஞ்சம் ஆறட்டும்" என்று சொல்லிவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடக்கப் போய்விடுவார்.

அவர் போனதும் நேசமலர் எதிர் வீட்டுக் கதவைத் தட்டுவாள். அங்கே இருப்பவள் மஸாஹிரா. புறக்கோட்டையில் டிவி, ரேடியோ திருத்தும் இடமொன்றில் வேலை செய்பவள். அவள் வந்து சத்தமில்லாமல் திருத்திவிட்டுப் போவாள். சிவபாதசுந்தரம் திரும்பி வந்து சுவிட்சைப் போடுவார். சாமான் ஓடும்.

"பாத்தீரே, ஆற விட்டாச் சரி" என்பார்.

"உங்கட கை அப்பிடி" என்பாள் நேசமலர். மனிசனுடைய மனம் நோகாமலும் கோயிலில் சொன்ன சொல் கெடாமலும் இத்தனை வருஷம் குடும்பத்தைக் கொண்டுபோய்விட்டோம் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. அதை யாரிடமும் சொல்ல முடியாது என்பது மட்டும்தான் கவலை.

அன்றைக்குப் பழுதானது டிவி. அதுவும் என்ன நாளில். கேள்வி கேட்ட அதே சுபோதினி வளர்ந்து, படித்து, அன்று இரவு ஏழு மணிக்கு முதன்முறையாகத் தொலைக்காட்சியில் தமிழ்ச் செய்தி வாசிக்கப் போகிறாள். நேசமலர் கீழ் மாடியிலிருந்து மேல் மாடிவரை எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டாள். மேல் வீட்டு துஷ்யந்தி, கல்கிசையில் இருக்கும் தன் மாமியாரைக்கூட வரவழைத்திருந்தாள். வடைக்குப் பருப்பு ஊறிக்கொண்டிருந்தது.

பின்னேரம், ஒருக்கால் பார்த்து வைப்போம் என்று நேசமலர் ரிமோட்டை அமத்தினாள். டிவி அசையவில்லை. சுவரில் தொங்கிய அந்தப் பெரிய கறுப்புக் கண்ணாடியில் அவளுடைய முகம்தான் தெரிந்தது.

டிவியின் அடியில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமத்தினால் படம் வந்தது. ஆனால் சனலை மாற்ற வழியில்லை. சிங்களச் சமையல் நிகழ்ச்சி ஒன்றில் பருமனான அம்மையார் ஒருவர் பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். ரிமோட் வேலை செய்யாதவரை இந்த வீட்டில் பலாக்காய்தான்.

"கடைக்காரருக்கு ஒரு கோல் எடுப்பமோ?" என்று நேசமலர் மெல்லக் கேட்டாள்.

"ஏன், நான் இருக்கேக்க?" என்றார் சிவபாதசுந்தரம், சட்டைக் கையை மடித்தபடி.

முதலில் பற்றரி மாற்றினார். பிறகு ரிமோட்டைத் திறந்து, உள்ளே இருந்த ரப்பரைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஃபேனுக்குக் கீழே காயவிட்டார். மூடினார். பலாக்காய் அம்மையார் தேங்காய் துருவத் தொடங்கினார். அடுத்து, கைபேசியின் கமராவுக்கு முன்னால் ரிமோட்டின் நுனியைப் பிடித்து அமத்தினார். கமராவில் ஊதா வெளிச்சமொன்று மின்னியது.

"ரிமோட்டில பிழையில்லை" என்று தீர்ப்புச் சொன்னார். "பிழை டிவிக்குள்ள."

அவர் வாழ்நாளில் சரியாகக் கண்டுபிடித்த முதல் பழுது அதுவாக இருக்கலாம். அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

இருவருமாக டிவியைச் சுவரிலிருந்து இறக்கினார்கள். கட்டிலில் இரண்டு போர்வை விரித்துக் குப்புறப் படுக்க வைத்தார்கள். அவர் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே இவ்வளவு குறைவான சாமானா என்று ஏமாந்தவர்போலச் சற்று நேரம் பார்த்தார். நாடா மாதிரி ஒரு வயர் இருந்தது. அதைக் கழற்றினார், ஊதினார், திரும்பச் செருகினார். நிமிர்த்திப் போட்டுப் பார்த்தால் படம் போய்விட்டது. சத்தம் மட்டும் வந்தது. இருட்டுக்குள் எங்கேயோ வெங்காயம் வதங்கியது.

"முந்தி பாக்கவாவது முடிஞ்சுது" என்றாள் நேசமலர்.

"அவசரப்படாதையும்."

மறுபடி கழற்றிச் செருகினார். இந்த முறை படம் வந்தது. இடது பாதி மட்டும், அதுவும் பச்சையாக. சமையல் முடிந்து வைத்திய ஆலோசனை தொடங்கியிருந்தது. பச்சை முகத்துப் பாதி வைத்தியர் ஒருவர் கல்லீரலைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

சிவபாதசுந்தரம் தள்ளி நின்று பார்த்தார். "செய்தி வாசிக்கிற பிள்ளை நடுவிலதானே இருக்கும். பாதி முகம் வடிவாத் தெரியும்."

"பெத்த பிள்ளையின்ர பாதி முகத்தைக் காட்டவோ நான் ஊரைக் கூப்பிட்டனான்? அதுவும் பச்சையா?"

நேசமலருக்கு உடனே மனம் சுட்டது. இவ்வளவு காலமும் அவரைப் பார்த்து அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. வேகமாகக் குரலை மாற்றி, கற்பூரம் முடிந்துவிட்டது, கடைக்குப் போய் வாருங்கோ என்றாள். அவர் போனதும் எதிர் வீட்டுக்கு ஓடித் தட்டினாள். யாரும் திறக்கவில்லை, மஸாஹிரா வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. திரும்பி வந்து மூச்சு வாங்குவதற்குள் அவர் கற்பூரத்தோடு வாசலில் நின்றார். ஒரு நிமிஷம் முந்தியிருந்தால் கையும் களவுமாகப் பிடிபட்டிருப்பேன் என்று நேசமலர் பிள்ளையாருக்கு நன்றி சொன்னாள்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கடலிலிருந்து நேராக வரும் மழை. ஜன்னலை அடித்துச் சாத்தியது. எதிர் வீட்டு வாசலில் மஸாஹிராவின் செருப்பு நனைந்து கிடப்பதை நேசமலர் கதவிடுக்கால் கண்டாள். ஆள் வந்துவிட்டாள். ஆனால் இந்த மழையில் மனிசனை எங்கே அனுப்புவது? வீட்டிலிருந்த ஒரே குடையைச் சுபோதினி கொண்டு போய்விட்டாள்.

சிவபாதசுந்தரமும் வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"சூடாப் போச்சு. கொஞ்சம் ஆறட்டும். நான் ஒரு நடை நடந்திட்டு வாறன்."

"இந்த மழைக்குள்ளயோ?" வாய்தான் கேட்டது. மனம் போகட்டும் என்றது.

"மழைக்குள்ள கடல் பாக்கிறதும் ஒரு வடிவுதான்."

இப்படியும் ஒரு வெள்ளை மனமா என்று நேசமலர் கலங்கிப்போனாள். கதவைச் சாத்திவிட்டு, அவர் படியிறங்க நேரம் கொடுத்து, எதிர் வீட்டுக்குப் பாய்ந்தாள்.

மஸாஹிரா தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வந்தாள். கட்டிலில் கிடந்த டிவியைப் பார்த்ததும் தலையில் கைவைத்தாள்.

"அங்கிள் இந்த முறை பெரிய ஒப்பரேஷன்தான் செஞ்சீக்கிறார் அன்ட்டி."

நாடா வயர் சாய்வாகச் செருகப்பட்டிருந்தது. அவள் அதை நேராக்கி, மூடியைப் போட்டு, நேசமலரோடு சேர்ந்து சுவரில் மாட்டினாள். படம் பளிச்சென்று வந்தது. வைத்தியருக்கு முழு முகமும், மனித நிறமும் கிடைத்தன. ஆனால் ரிமோட்டை அமத்தினால் இன்னமும் அசைவில்லை. மஸாஹிரா குனிந்து, சட்டத்தின் கீழ் விளிம்பை உற்றுப் பார்த்தாள். பெருவிரலால் ஒரு முறை தேய்த்தாள். ரிமோட்டை அமத்தினாள். சனல் மாறியது.

"இதுதான் ரிமோட்டைப் பார்க்கிற கண், அன்ட்டி. இதுக்கு மேல சந்தனம் காஞ்சு போய் ஈக்குது."

நேசமலருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது மெல்லக் கதிரையில் உட்கார்ந்தாள். முந்தின நாள் ஆயுத பூசை. ஃபிரிட்ஜுக்கும் கிரைண்டருக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைத்தவள், டிவிக்கும் வைத்தாள். எங்கே வைப்பது என்று தேடியபோது, கீழே சரியாக நடுவில், மினுமினுப்பாக ஒரு சின்ன வட்டம் இருந்தது. பொட்டு வைக்கவே செய்த இடம்போல. நன்றாகத் தடிப்பாகச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தாள்.

"அப்ப பிழை விட்டது நானோ?"

"சாமி கும்பிட்டது பிழையில்ல அன்ட்டி. இடம்தான் பிழை." மஸாஹிரா சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவுவரை போனாள். "ஏழு மணிக்கு நானும் வாறன். ஒண்டும் தெரியாத ஆளா."

அவள் போன பிறகும் நேசமலர் அந்தச் சின்னக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மனிசன் வேர்த்து விறுவிறுத்து நாடா வயரோடு மல்லுக்கட்டியதும், தான் அவரைச் சொல்லால் குத்தியதும், கொட்டும் மழையில் அனுப்பியதும், எல்லாம் தன் ஒரு பொட்டால். சொன்னால் அவர் சிரித்துவிட்டுப் போவார். சொல்ல வாய் வருமா என்பதுதான் சந்தேகம்.

கதவு தட்டப்பட்டது. அவராக்கும் என்று திறந்தாள். ராக்கம்மா நின்றாள்; அந்தக் கட்டடத்துப் படிகளைக் கூட்டித் துடைப்பவள், அட்டன் பக்கத்திலிருந்து வந்தவள். கையில் வாளி.

"மன்னிச்சிக்குங்கம்மா. எப்பவும் எதிர் வீட்டு வாசலுக்குச் செருப்பு திரும்பி வந்திருச்சான்னு பாத்தே சொல்லிருவேன். இன்னைக்கு மழைக்கு அவங்க செருப்ப உள்ள எடுத்து வச்சிட்டாங்க, ஒண்ணும் தெரியல. அதான் தட்டிட்டேன்."

"ஆருக்குச் சொல்லுவாய்? என்னத்தை?"

"ஐயாவுக்குத்தாம்மா. மொட்டை மாடியில தண்ணி டாங்கிக்குக் கீழ நனஞ்சிக்கிட்டு நிக்கிறாரு. மஸாஹிரா அம்மா திருத்திட்டுப் போயிட்டாங்களான்னு எப்பவும்போலப் பாத்துட்டு வரச் சொன்னாரு. பாஸ் வர்றதில்லைன்னு சொல்றப்ப நீங்க எவ்வளவு பெருமையா நிக்கிறீங்க, அதக் கெடுக்கக் கூடாதாம்."

நேசமலர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது. அதோடு சேர்ந்து கண்ணும் நிறைந்தது. இரண்டில் எதற்கு முதலிடம் கொடுப்பதென்று தெரியாமல் ராக்கம்மாவின் வாளியைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சத்தால வரச் சொல்லு" என்றாள். "அவ இன்னும் போகேல்ல எண்டு சொல்லு."

ராக்கம்மா வாளியோடு படியேறினாள்.

நேசமலர் கதவைச் சாத்தினாள். சாமி அறையில், சின்னக் கிண்ணத்தில், காலையில் கரைத்த சந்தனம் மிச்சமிருந்தது. மோதிர விரலால் தொட்டுக்கொண்டு வந்து, டிவிக்கு முன்னால் குனிந்தாள். வீட்டில் ஒருவருமில்லை. அந்தச் சின்னக் கண்ணின் மேல், முந்தின நாள் வைத்தது போலவே, நன்றாகத் தடிப்பாக வைத்தாள். ரிமோட்டை அமத்திப் பார்த்தாள். டிவி அசையவில்லை. திருப்தியோடு விரலைச் சேலையில் துடைத்தாள். அலுமாரியிலிருந்து மெல்லிய துணியொன்றை எடுத்து ரிமோட்டுக்குப் பக்கத்தில் மடித்து வைத்தாள்.

சிவபாதசுந்தரம் வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கடல் நல்ல வடிவு என்றார். பிறகு, துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று பார்த்து, மேசையிலிருந்த அந்தத் துணியை எடுக்கப் போனார்.

"அது டிவிக்கு" என்றாள் நேசமலர், அவருடைய கையில் துவாயைக் கொடுத்தபடி. "முதல்ல தலையைத் துடையுங்கோ. பிறகு அந்தப் பொட்டை ஒருக்கால் துடைச்சு விடுங்கோ. அது உங்கட கையாலதான் சரிவரும்."