காஜாவுக்கும் பட்டனுக்கும் நடுவே

"மூச்சை உள்ள இழுங்க."

"இழுத்தாச்சு."

"இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல இழுத்தா வயிறு முதுகு வழியாத்தான் வெளிய வரும்."

லிஃப்ட்காரர் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். அவருடைய மனைவி ஒரு முழங்காலை மெத்தையில் ஊன்றிக்கொண்டு, யூனிஃபார்ம் பேண்டின் பட்டனை ஒரு கையிலும் காஜாவை இன்னொரு கையிலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை தூரம் பாக்கி இருந்தது.

"போன வாரம் நுழைஞ்ச பேண்ட்தானே இது?"

"அதே பேண்ட்தான். உள்ள இருக்கிற ஆள்தான் மாறிட்டாரு."

மனிதருக்கு முகம் செத்துப்போனது. எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தால் இடுப்பு இன்னும் இறுக்கிப் பிடித்தது. மறுபடி எழுந்து நின்றார்.

சிகரெட்டை விட்டால் உடம்பு போடும் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்லத்தான் செய்தார்கள். ஆனால் விடாமல் இருக்கவும் வழியில்லை. டாக்டர் அவருடைய நெஞ்சுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எத்தனை பசங்க?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில்தான் ஆள் ஆடிப்போனார். "மறுபடி ஒண்ணைத் தொட்டீங்கன்னா என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல" என்றும் டாக்டர் சொல்லி அனுப்பினார்.

இதற்கு முன்னாலும் விட்டிருக்கிறார். விட்ட சூட்டோடு திரும்பவும் பிடித்திருக்கிறார். வேறு ஒன்றுமில்லை, அந்தக் கை சும்மா இருக்காது. மனசும் சும்மா இருக்காது. எதையாவது நோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தத் தடவைதான் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்திருக்கிறார். அதற்கு ஒரு பாராட்டுக் கிடைக்கும் என்று பார்த்தால், கிடைத்தது தொப்பை!

"ஒரு எடை மெஷின் வாங்கிடலாமா?" என்று கேட்டார்.

"மெஷினை யாருங்க நம்புறது? ஒண்ணு கூடக் காட்டும், இன்னொண்ணு குறைச்சுக் காட்டும். பேண்ட் பொய் சொல்லாது."

அது நியாயமாகத்தான் பட்டது. பட்டனைத் திறந்தபடியே விட்டு, சட்டையை இழுத்து மறைத்து, மேலே பெல்ட்டைக் கட்டினார். பெல்ட் வழக்கமான ஓட்டையில் நிற்காமல் அதற்கு உள்ளே இருந்த ஓட்டைக்குப் போனது.

"இதைப் பாரு," என்றார் துக்கத்தோடு. "தொப்பை தள்ளுற தள்ளுல தோல் பெல்ட்டே இழுபட்டு நீண்டுபோச்சு."

மனைவி சட்டென்று திரும்பி நின்று ஜன்னல் திரையைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. பாவம், தனக்காக அழுகிறாள் என்று நினைத்து அவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார்.

அவருடைய லிஃப்ட் ரொம்பப் பழையது. இரும்புக் கம்பிக் கதவும், உள்ளே ஒரு பித்தளைக் கைப்பிடியும், ஆள் உட்கார ஒரு முக்காலியும் உண்டு. வலது கைக்குக் கைப்பிடி இருக்கிறது. இடது கைக்கு முன்பெல்லாம் சிகரெட் இருந்தது. சந்து கிடைத்தால் பின்கதவுப் பக்கம் ஓடி ஒன்றை இழுத்துவிட்டு வருவார். இப்போது அந்தக் கை வயிற்றிலேயே குடியேறிவிட்டது. மாடிக்கு மாடி ஒரு கிள்ளு. மேலே போகும்போது கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும், கீழே வரும்போது கூடின மாதிரி இருக்கும்.

அடுத்த வாரம் துவைத்துத் தேய்த்து வந்த பேண்டை எடுத்து மாட்டினார். இப்போது இரண்டு விரல் தூரம்.

"பட்டினி கிடந்தேனே! எப்படி ஏறும்?"

"பட்டினி கிடந்தா உடம்பு பயந்துபோய்ச் சேர்த்து வச்சுக்குமாம்," என்றாள் மனைவி, தேய்த்த துணிகளை அடுக்கியபடியே. "ஒழுங்காச் சாப்பிட்டு, நடங்க, ஓடுங்க, ஏதாவது பண்ணுங்க. உக்காந்தே இருந்தா எப்படிக் குறையும்?"

உட்கார்ந்தே செய்கிற வேலையில் இருப்பவர் எங்கே போய் ஓடுவார்? அதற்கும் மனிதர் ஒரு வழி கண்டுபிடித்தார். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

மேலே போகிறவர்களை லிஃப்டுக்குள் ஏற்றுவார். "இதை இந்தப் பக்கம் திருப்பிப் பிடிச்சுக்குங்க, நான் மேல வந்து கதவைத் திறக்கிறேன்" என்று கைப்பிடியை அவர்களிடமே கொடுப்பார். கதவைச் சாத்திவிட்டு, படிக்கட்டில் தடதடவென்று ஏறி, லிஃப்டுக்கு முன்னால் போய் நின்று கதவைத் திறந்துவிடுவார். ஆரம்பத்தில் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. சிலர் கை தட்டவும் செய்தார்கள்.

ஒருநாள் கணக்குப் பிரிவு அம்மா கைப்பிடியைத் தவறான நேரத்தில் விட்டுவிட்டார். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றது. மேல் மாடியில் நின்றவர்களுக்கு அந்த அம்மாவின் கொண்டை மட்டும் தெரிந்தது. கீழ் மாடியில் நின்றவர்களுக்குச் செருப்பு மட்டும் தெரிந்தது. இரண்டு மாடிக்கும் கேட்கிற மாதிரி ஓர் அலறல் வந்தது.

மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"லிஃப்ட்ல போக வேண்டியவங்க படியில ஏறலாம். லிஃப்ட் ஓட்ட வேண்டியவர் ஏறலாமாய்யா?"

"கொஞ்ச நேரம்தான் சார் நின்னாங்க..."

"நின்னாங்களா? தொங்கினாங்கய்யா! இனிமே உங்க பேர்ல ஒரு புகார் வந்தாலும் நான் பொறுப்பில்ல."

அதோடு ஓட்டம் நின்றது. ஆனால் உள்ளுக்குள் ஓட்டம் நிற்கவில்லை. முக்காலியில் அரை நிமிஷம் உட்கார முடியவில்லை. லிஃப்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் குதித்துப் பார்த்தார். லிஃப்டும் சேர்ந்து குதித்தது. உள்ளே இருந்தவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். வேலை முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்காமல் வீடு வரைக்கும் ஓடினார். தெருநாய் ஒன்று துணைக்கு ஓடி, பாதியில் களைத்துப்போய்த் திரும்பிவிட்டது. பேண்ட் மட்டும் வாரத்துக்கு வாரம் இறுகிக்கொண்டே போனது.

இந்த நேரம் பார்த்தா மூன்றாம் மாடி டைப்பிஸ்டுப் பெண் அவரிடம் அக்கறை காட்ட வேண்டும்?

"என்ன அண்ணே, இப்படி இளைச்சிட்டீங்க? உடம்புக்கு ஏதும் முடியலையா?"

லிஃப்ட்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. "கிண்டலா? ஏம்மா, என் வயித்தைப் பத்திப் பேசறதுக்கா உன்னை வேலைக்கு வச்சிருக்காங்க?"

"ஐயோ, நெஜமாத்தான் அண்ணே சொன்னேன். கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு."

"ஒட்டிப்போச்சா! இறங்கும்மா கீழ!"

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாதி வழியில் இறங்கிப் படியில் போனாள். விஷயம் மேனேஜர் காதுக்கும் போனது. லிஃப்ட்காரர் சிகரெட்டை விட்டதிலிருந்து யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறார் என்று கட்டடம் முழுக்கப் பேச்சு.

மனசு கேட்காமல் ஒரு சாயங்காலம் மருந்துக் கடை வாசலில் இருந்த எடை மெஷினில் ஏறி நின்றார். முள் நகர்ந்து நின்ற இடத்தைப் பார்த்தார். இறங்கினார். செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி ஏறினார். பைக்குள் இருந்த டிபன் டப்பாவையும் எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிப் பார்த்தார். அப்படியும் முள் அவருடைய பழைய எடையைத் தொடவில்லை.

"உங்க மெஷின் செத்துப்போச்சு," என்றார் கடைக்காரரிடம்.

"காலையிலதான் சார் ஆள் வந்து சரிபார்த்துட்டுப் போனாங்க."

"நான் சிகரெட் பிடிச்சுக்கிட்டு ஒல்லியா இருந்தப்போ இருந்த எடைகூட இப்ப காட்டலையே!"

கடைக்காரர் தானே வெளியே வந்து ஏறி நின்று காட்டினார். "பாருங்க, என் எடை சரியா இருக்கு."

"உங்களுக்குச் சரியாக் காட்டுது. எனக்கு மட்டும் கூச்சப்பட்டுக்கிட்டுக் குறைச்சுக் காட்டுதா? ஊரை ஏமாத்துறீங்களா?"

கூட்டம் கூடிவிட்டது. வீட்டுக்கு வந்து, இந்தக் காலத்தில் மெஷின்கூட மூஞ்சிக்கு நேராகப் பொய் சொல்கிறது என்று மனைவியிடம் பொருமித் தீர்த்தார். சமையலறையில் கரண்டி ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"இனிமே அந்தக் கடைப் பக்கமே போகாதீங்க," என்றாள் அவள் உள்ளேயிருந்து.

கடைசியில் அந்த நாளும் வந்தது. கட்டடத்தின் முதலாளி நான்கைந்து விருந்தாளிகளோடு லிஃப்டில் ஏறினார். மேனேஜரும் கூடவே ஏறி, "ஒழுங்கா இருங்க" என்று கண்ணாலேயே சொன்னார். லிஃப்ட்காரர் ஒழுங்காகத்தான் இருந்தார். சாத்தப்போன கதவுதான் பாதியில் நின்றது. கீழே இருந்த தடத்தில் யாரோ தவறவிட்ட பென்சில் சிக்கியிருந்தது.

அதை எடுக்கக் குந்தினார்.

டர்ர்ர்ர்!

சின்ன இடம். சத்தம் நான்கு பக்கமும் மோதிப் பெரிதாகக் கேட்டது. விருந்தாளிகளில் ஒருவர், "கயிறு அறுந்துடுச்சு!" என்று கத்தினார். அவ்வளவுதான். முதலாளியைத் தள்ளிக்கொண்டு எல்லோரும் வெளியே பாய்ந்தார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடி மேனேஜர் காலடியில் நொறுங்கியது. கடைசியில் எல்லோரும் மூச்சு வாங்கியபடி திரும்பிப் பார்த்தபோது, லிஃப்ட் இருந்த இடத்தில் பத்திரமாக இருந்தது. லிஃப்ட்காரர் மட்டும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார்.

"அறுந்தது என்னய்யா?" என்று கேட்டார் முதலாளி.

"என் பேண்ட் சார்."

மேனேஜர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "போய்த் தச்சுக்கிட்டு வாங்க," என்றார் மெதுவாக. "வந்ததும் உங்க வேலையைப் பத்திப் பேசலாம்."

தெருவில் இறங்கினார். டிபன் பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்ன அடியாக வைத்து நடந்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. பட்டினி கிடந்தாயிற்று. ஓடியாயிற்று. நல்ல பெண்ணைத் திட்டியாயிற்று. இப்போது வேலைக்கும் வேட்டு. எல்லாம் எதனால்? சிகரெட்டை விட்டதனால். பிடித்தவரைக்கும் குச்சி மாதிரி இருந்தேனே, யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தார்களா? டாக்டர் கேட்ட கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. நெஞ்சு போனால் போகட்டும், வயிறாவது அடங்கட்டும் என்று அதைத் தள்ளிவிட்டார்.

பெட்டிக்கடையில் ஒரே ஒரு சிகரெட் வாங்கி உதட்டில் வைத்தார். இத்தனை மாதத்துக்குப் பிறகும் அந்த இடம் அதற்காகவே காத்திருந்த மாதிரி கவ்விக்கொண்டது. பற்றவைக்கிற லைட்டரைக் கடைக்காரர் கம்பியில் கட்டித் தாழ்வாகத் தொங்கவிட்டிருந்தார். குனிந்தால் மிச்சமும் கிழியும். பற்றவைக்காமலே பக்கத்தில் இருந்த தையல் கடைக்குள் நுழைந்தார்.

அந்தக் கடைக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. துணி, தையல் எல்லாம் மனைவியின் இலாகா. தையல்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அளவெடுக்கிற இடத்துத் திரைக்குப் பின்னால் போகச் சொல்லி ஒரு துண்டைக் கொடுத்தார். லிஃப்ட்காரர் பேண்டைக் கழற்றி, திரைக்கு மேலே நீட்டினார்.

"தீப்பெட்டி இருக்கா?"

"இருக்கும் சார். தேடித் தரேன்." தையல்காரர் பேண்டின் காலை உள்புறமாகத் திருப்பி, கிழிந்த இடத்தை மெஷினில் கொடுத்தார். "அட, அந்தப் பெரிய கட்டடத்து யூனிஃபார்மா? இந்தத் துணி எனக்கு மனப்பாடம் சார். வாரா வாரம் ஒண்ணு வருது."

"அங்க காவலுக்கு, தோட்டத்துக்கு, எல்லாருக்கும் இதான். யாரோடது வருது?"

"பேரெல்லாம் தெரியாது. ஒரு அக்கா கொண்டுட்டு வருவாங்க. வீட்டுக்காரர் பேண்டாம். இடுப்பைப் பிடிச்சுக் குடுங்க, இன்னும் பிடிச்சுக் குடுங்கன்னு உயிரை வாங்குவாங்க."

"பிடிக்கிறதுன்னா... பெருசாக்கவா?"

"சின்னதாக்க சார்."

தையல்காரர் ஒரு கையால் மேஜை டிராயரைத் துழாவிக்கொண்டே பேசினார்.

"அதான் சார் கூத்து! அந்த மனுஷன் சிகரெட்டை விட்டாராம். கை சும்மா இருந்தா மறுபடி அதைத் தேடிப் போயிடுவாரு, நாள் பூரா கட்டிக்கிட்டு அழ அவருக்கு ஒரு தொப்பை வேணும்னு வாரம் ஒரு விரற்கடை பிடிக்கச் சொல்றாங்க. நானும் பிடிக்கிறேன், அந்த ஆளும் விடாம இளைக்கிறாரு, இனிமே பிடிக்கறதுக்குத் துணி இல்ல. உங்ககூட வேலை பாக்கிறவரா இருந்தா மூச்சு விட்டுடாதீங்க சார், தொப்பையே இல்லைன்னு தெரிஞ்சா அந்த நிமிஷமே ஒண்ணைப் பத்த வச்சிடுவாராம்... இந்தாங்க, தீப்பெட்டி."