ராசி பார்த்து ஓப்பனிங் இறக்குபவர்

ஊருக்கு ஒருவர் இருப்பார், ஓப்பனிங் இறக்குபவர். அவர் மட்டையைத் தொட்டு இருபது வருடம் ஆகியிருக்கும். ஆனால் டென்னிஸ் பால் கிரிக்கெட்டில் முதலில் ஆட யார் இறங்குவது என்று அவரைக் கேட்காமல் முடிவு செய்துவிட முடியாது. செய்துதான் பாருங்களேன். பனியன் எடுத்துக் கொடுத்தது அவர், வேன் பேசியது அவர், தோற்றால் ஒரு மாதத்துக்கு வாய் ஓயாமல் பேசப்போவதும் அவர்.

எங்கள் ஊர்ச் சங்கரலிங்கம் அண்ணாச்சி இந்த இனத்தில் உயர்ந்த ரகம். சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுபவர். தினசரி காலண்டர் தாளின் அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஒற்றை வார்த்தையில் பலன் இருக்குமே, 'வெற்றி', 'அலைச்சல்', 'வரவு' என்று? ஆடிப்பெருக்கு முடிந்து ஆர்டர் குவியும்போது ஜோசியர் எழுதித் தரத் தாமதித்தால், ஒரு கையில் டீயோடு அந்தக் கட்டங்களை நிரப்புவது சாட்சாத் அண்ணாச்சிதான். அவரே சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார். அதே தாள் ஆணியில் தொங்கி, புது வருடம் பிறந்துவிட்டால்? தெய்வ வாக்கு.

பொங்கல் கோப்பை இறுதி ஆட்டம். மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பவர் வந்திருந்தார். நாலு ஓவர் பார்த்துவிட்டு அடுத்த ஊர் மைதானத்துக்குக் கிளம்பிவிடுவாராம். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் முனியராஜ், அதற்கு முந்தைய மூன்று ஆட்டத்திலும் அவுட்டே ஆகாதவன், அண்ணாச்சி முன்னால் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, இன்னைக்கு மட்டும் என்னைய ஓப்பனிங் எறக்குங்க. அடுத்த வருசம் வயசு தாண்டிரும், எடுக்க மாட்டாக."

"ஒன் ராசி என்னலே?"

"கும்பம்."

சட்டைப்பையிலிருந்து அன்றைய தாள் வெளியே வந்தது. "கும்பம், 'பொறுமை'. நான் என்னலே செய்ய? மேசத்துக்குத்தான் 'வெற்றி'. ஏலே பாண்டிமுருகா, மட்டைய எடு!"

"இது நீங்க டைப் அடிச்சதுதான அண்ணாச்சி! இந்தாங்க பேனா. 'பொறுமை'ய அடிச்சுட்டு 'வெற்றி'ன்னு எழுதுங்க."

அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கிரக பலன்ல கை வைக்கச் சொல்லுதியாலே?"

பாண்டிமுருகன் பந்து வீசுகிறவன். மட்டையை விறகு மாதிரி பிடிப்பான். இன்னொரு ஓப்பனிங் இடம்? அது அண்ணாச்சியின் மச்சினனுக்கு நிரந்தரம். மச்சினன் விஷயத்தில் கிரகங்கள் தலையிடுவதில்லை.

முதல் பந்து, ஸ்டம்பு பறந்தது. அடுத்து 'வரவு' இறங்கியது, 'பாராட்டு' இறங்கியது, 'சுகம்' இறங்கியது. எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. மச்சினன் மட்டும் ஒரு முனையில் கட்டை போட்டுக்கொண்டே இருந்தான். 'பொறுமை' ஆறாவதாக இறங்கியபோது ஆள் எடுக்க வந்தவர் பைக்கை எடுத்துவிட்டார். முனியராஜ் அடித்த முதல் சிக்ஸர், அவர் கிளப்பிவிட்டுப் போன புழுதிக்குள் விழுந்தது.

தோற்றுத் திரும்பும்போது வேனில் முனியராஜ் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். அண்ணாச்சிதான் தொடையில் தட்டிக்கொண்டு அங்கலாய்த்தார். "எதிர் டீம் பவுலரும் மேசமாம்லே! மொதல்லயே விசாரிச்சிருக்கணும்."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி நான், இதையெல்லாம் நம்புகிறவனில்லை. வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று கிளம்பிய அன்று மட்டும், 'அலைச்சல்' என்றிருந்த தாளைக் கிழித்துவிட்டு, மறுநாளின் 'வெற்றி'யைத் தொங்கவிட்டுப் போனேன். நீங்கள்? இன்று காலை தாளைக் கிழித்தீர்களே, உங்கள் ராசியைப் பார்க்காமலா கிழித்தீர்கள்? நல்ல வார்த்தையாகவே இருக்கட்டும். அதை அடித்தபோது அண்ணாச்சியின் டீ சூடாக இருந்ததோ, ஆறிப்போயிருந்ததோ!