கேட்காத பள்ளிக்கூடமும் கேட்ட கிணறும்

பாகூர் பக்கம்,
1938, ஐப்பசி.

சைகோன் பட்டாளத்தில் உத்தியோகம் பார்க்கும் மகாராசராகிய மச்சான் செல்லக்கண்ணு அவர்களுக்கு, தங்கை புருஷன் ஆதிமூலம் கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் சுகம். உங்கள் தங்கை வேலம்மாள் மட்டும் போன வெள்ளிக்கிழமை பேதி கண்டு இறந்துபோனாள். முதலில் சுகம் எழுத வேண்டும் என்று மில் சங்கத்து எழுத்து வகுப்பில் சொல்லிக்கொடுத்ததால் எழுதிவிட்டேன். அடித்தால் காகிதம் பாழாகும், மன்னிக்கவும்.

எல்லாம் சித்திரையில் ஆரம்பித்தது. மில் சங்கத்து சுப்பராயலு சேரிக்கு வந்து எங்களை உட்காரவைத்து, "நல்ல காலம் வந்தா அது எப்புடி இருக்கும்? மனசுல பாத்துச் சொல்லுங்க" என்றார். பக்கத்துக் குடிசை ராமு, "தூங்குவேன்" என்றான். "அப்புறம்?" என்றதற்கு, "எழுந்து மறுபடி தூங்குவேன்" என்றான். நான், யோசித்து அடுத்த வாரம் சொல்வதாகச் சொன்னேன். வேலம்மாள் எழுந்து, "நமக்குன்னு ஒரு கெணறு. நானே எறைக்கணும். யாரும் மேல நின்னு ஊத்தக் கூடாது" என்றாள். எல்லாரும் சிரித்தோம், நானும்தான் மச்சான். அவளோ விடவில்லை. குமாஸ்தா ஒருவரைப் பிடித்து பிரெஞ்சில் மனு எழுதவைத்து சர்க்கார் ஆபீசுக்கு அனுப்பினாள். அவர் என்ன எழுதினாரோ, மூன்று மாதம் கழித்து, உங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட நிதியில்லை என்று பதில் வந்தது. நமக்கேது பள்ளிக்கூடம்? நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அவள், "கேக்காததையே இல்லேங்குறாங்கன்னா, அதையும் கேக்கலாம்னுதானே அர்த்தம்?" என்றாள். பிறகு நாங்களே தோண்டினோம். முதல் நாள் ராமு ஆளுயரத்துக்கு மேலே தோண்டிவிட்டான். இறங்குவதை யோசித்தவர்கள் ஏறுவதை யோசிக்கவில்லை, பொழுது சாயும்வரை உள்ளேயே நின்று எங்களைத் திட்டினான்.

அதற்குள் ஊர்க்காரர்களுக்குச் சேதி போயிற்று. "தனிக் கெணறு தோண்டுறவங்களுக்கு எங்க தண்ணி எதுக்கு?" என்று எங்கள் குடங்களில் ஊற்றுவதை நிறுத்திவிட்டார்கள். மழையும் இல்லை, குட்டைத் தண்ணீரைக் குடித்தோம். மூன்று பேருக்குப் பேதி கண்டது, இருவர் பிழைத்தார்கள். கடைசியில் அவள், "ஊத்து கண்டுச்சா?" என்றாள். "கண்டுச்சு, இளநி மாதிரி கீது" என்றேன். "உனக்குப் பொய் சொல்லத் தெரியல" என்று சிரித்தாள். மச்சான், அந்தச் சிரிப்போடு போய்விட்டாள். இந்தக் கிணற்று ஆசை இல்லாவிட்டால் இன்றைக்கு இருந்திருப்பாள். ஆகவே நாளை குழியை மூடிவிட்டு, மகள் பவுனம்மாளுடன் கப்பலேறி வருகிறேன். ஒரு வேலை பார்த்து வையுங்கள்.

உங்கள் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. தெய்வம் உங்களை நோய்நொடியில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஆதிமூலம்

பி.கு.: உறை ஒட்டப் பசை தேடி வெளியே வந்தேன். குழிக்குள் பவுனம்மாளும் ஆறேழு பெண்களும் நிற்கிறார்கள். "யப்பா, எம்மா நேரமா எழுதிக்கினு கீற? மண்ணு அள்ளி வெச்சிக்கீறோம், மேல தூக்க ஆளில்ல" என்கிறாள். "ஆத்தா போயி எட்டு நாள்கூட ஆவலியேடி" என்றேன். "தெரியும்பா. வா" என்றாள். குழியில் இன்னும் ஈரம்கூடத் தட்டவில்லை. எனக்கு வேலை பார்த்து வைக்க வேண்டாம் மச்சான். நான் கூடை தூக்கப் போகிறேன்.