மாமா, ஒரே ஒரு கூற்றை மட்டும் பொய்யாக்குங்கள்

கூலாய்,
ஜூன் 9

மதிப்புக்குரிய ஜெயபாலன் மாமாவுக்கு, தங்கை மகன் ரூபேந்திரன் வணங்கி எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். அங்கே பெர்மாஸ் ஜெயாவில் நீங்களும் அத்தையும் நலமா? கேள்விகளுக்கு உண்மை, பொய் என்ற மதிப்பு கிடையாது என்று தருக்க வகுப்பில் மூன்றாம் வாரம் படித்தேன். இருந்தாலும் கேட்கிறேன். அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கூப்பிட்டுப் பேசாமல் தாளில் எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். குடும்பக் குழுவில் நீங்கள் போட்ட செய்திக்குக் கீழே உண்மை அட்டவணை ஒன்றை வரைந்து அனுப்பியிருந்தேன். அன்றிலிருந்து என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். தவறு என்னுடையதுதான். பல்கலைக்கழகத்தில் தருக்கத்தை விருப்பப்பாடமாக எடுத்தேன். எளிது என்றார்கள். கணக்கே வராது என்றார்கள். ஐந்து வாரம் ஆகிறது. இப்போது யாராவது "மழை வந்தா துணிய எடுத்துடு" என்றாலும் மழை வராவிட்டால் என்ன செய்வது என்று நின்று யோசிக்கிறேன். அதற்குள் மழை வந்துவிடுகிறது.

விஷயம் பிரவீனா அக்காவின் கல்யாணம்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் வரிசை முக்கியம். முதலில் அக்கா மதியச் சாப்பாட்டில், "எனக்குக் கல்யாணம்னு ஒண்ணு நடந்தா அது லோகேஸ்வரனோடதான்" என்றாள். மாலையில் நீங்கள் குழுவில், "அந்தப் பெக்கான் நானாஸ் ஊருப் பையன் மாப்பிள்ளைன்னா நான் வரமாட்டேன்" என்று எழுதினீர்கள். அதைப் படித்துவிட்டு இரவுச் சாப்பாட்டில் அம்மா, "எங்கண்ணன் வந்து மால எடுத்துக் குடுக்கலேன்னா இந்த வீட்டுல கல்யாணமே கிடையாது" என்றார். மூன்று பேர், மூன்று கூற்று. அப்பா மீன்குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். நான் அறைக்குப் போய் எழுதிப் பார்த்தேன்.

கல்யாணம் நடந்தால் லோகேஸ்வரன்.
லோகேஸ்வரன் என்றால் மாமா வரமாட்டார்.
மாமா வராவிட்டால் கல்யாணம் நடக்காது.
ஆகவே, கல்யாணம் நடந்தால் கல்யாணம் நடக்காது.
ஆகவே, கல்யாணம் நடக்காது.

கடைசி வரியை நான்கு முறை சரிபார்த்தேன். பிழை இல்லை. என் வாழ்க்கையில் நான் சொந்தமாக நிரூபித்த முதல் விஷயம் அக்காவுக்குக் கல்யாணம் ஆகாது என்பது. அந்தப் பெருமையில் தாளைக் கொண்டுபோய் ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டேன். அம்மா அதைப் படித்துவிட்டு அழுதார். அப்பா, "இத படிக்கத்தான் உன்ன அனுப்புனேனா?" என்றார். அக்கா சிரித்தாள். அது எனக்குப் புரியவில்லை.

விரிவுரையாளரிடமும் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வாதம் செல்லும். கூற்றுகள் உண்மையா என்று அந்த மூன்று பேரிடமும் கேட்டாயா?" என்றார். கேட்கவில்லை. பெரியவர்கள் சொன்னதை எப்படி உண்மையா என்று கேட்பது?

பிறகுதான் அம்மா, "அம்மன்கிட்ட பூப்போட்டுக் கேட்டுடலாம்" என்றார். வெள்ளை வந்தால் லோகேஸ்வரன். சிவப்பு வந்தால் இல்லை. அப்பாவும் தலையாட்டினார். எந்தப் பக்கமும் சேராதவன் என்று பொட்டலம் கட்டும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். மாமா, அவ்வளவு கவனமாக நான் எந்தத் தேர்வும் எழுதியதில்லை. மல்லிகை வைத்தால் வாசம் காட்டிக்கொடுக்கும் என்று இரண்டுக்குமே அரளி. வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. ஒரே அளவில் வெட்டிய வாழையிலை. ஒரே நீளத்தில் மஞ்சள் நூல். ஒன்று அல்லது மற்றொன்று. இரண்டும் அல்ல, இரண்டும் இல்லாமலும் அல்ல. தட்டில் வைத்துக் காரின் பின் இருக்கையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். பதினைந்து நிமிடம்.

கோயிலில் குருக்கள் தட்டை அம்மன் முன் வைத்துத் தீபம் காட்டிவிட்டு அவரே ஒன்றை எடுத்தார். பிரித்தார். இரண்டு வெள்ளை. ஒரு சிவப்பு.

குருக்கள் என்னைப் பார்த்தார். மற்றதையும் பிரித்தார். இரண்டு சிவப்பு. ஒரு வெள்ளை.

"யாருப்பா கட்டுனது?"

"நான்தான் சாமி. ஆனா ஒவ்வொண்ணுலயும் ஒரு பூதான் வச்சேன்."

"பூ குட்டி போட்டுச்சா?"

"அலமாக்" என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மாதான் முதலில் ஒப்புக்கொண்டார். நான் குளிக்கும்போது காரைத் திறந்து, நூலை அவிழ்க்கப் பயந்து, இரண்டு பொட்டலத்திலும் இடுக்கு வழியாக ஒரு பூ வீதம் செருகியிருக்கிறார். அப்பாவும் அதையே, அதே இடுக்கு வழியாக. நான் உடனே கணக்குப் போட்டேன்: அம்மா மனம் இளகியவர், அதனால் வெள்ளை. அப்பா பிடிவாதக்காரர், அதனால் சிவப்பு.

"நான் செவப்பு வச்சேன்" என்றார் அம்மா. "எங்கண்ணன் இல்லாம எம்பொண்ணு மணவறையில ஒக்காரணுமா?"

"நான் வெள்ள" என்றார் அப்பா. "எம்மவ கல்யாணத்த வேணாம்னு சொல்ல உங்கண்ணன் யாரு? அவரு வேணாம்னா நான் நடத்திக் காட்டுவேன் லா."

"அப்ப அந்தப் பையன ஒங்களுக்குப் புடிச்சிருக்கா?"

"அது தெரியாது. உங்கண்ணனுக்குப் புடிக்கலல்ல?"

குருக்கள் விபூதித் தட்டை நீட்டி, "வீட்ல பேசி முடிச்சிட்டு வாங்க" என்றார். திரும்பும்போது காரில் அப்பா என்னைக் கேட்டார்.

"உன் படிப்பு என்னா சொல்லுது?"

"ஒரே நேரத்துல ஆமான்னும் இல்லன்னும் வந்தா, அதுலேர்ந்து எத வேணும்னாலும் நிரூபிக்கலாம்ப்பா."

"எத வேணும்னாலுமா?"

"பெக்கான் நானாஸ்ல பனி பெய்யுதுன்னுகூட."

அப்பா சாலையைப் பார்த்து ஓட்டினார். செனாய் சந்திப்பு தாண்டியதும், "இதுக்குத்தான் நாலு வருஷம் பீஸு கட்டணுமா" என்றார்.

மாமா, நான் குழம்பிப் போயிருக்கிறேன். மண்டபத்துக்குப் பதில் சொல்ல இந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி. விட்டால் ஜூலை ஐந்து ஞாயிறு வேறு யாருக்கோ போய்விடும். பிறகு ஆடி. பிறகு யார் மனம் எப்படி மாறும் என்று எந்த அட்டவணையாலும் சொல்ல முடியாது. அக்கா தன் கூற்றை மாற்றமாட்டாள். அம்மா மாற்றமாட்டார். மிச்சம் உங்களுடையது. அது ஒன்று பொய்யானால் போதும், நான் ஒட்டிய தாள் முழுவதும் விழுந்துவிடும். ஆகவே குழுவில் ஒரு வரி எழுதுங்கள்: "நான் வருகிறேன்." அவ்வளவுதான். உங்கள் காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நேரில் விழவும் தயார், கதவைத் திறப்பீர்கள் என்றால்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் இருவர் ஆசியும் எங்கள் வீட்டுக்கு வேண்டும், அக்காவுக்கு முதலில்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்,
ரூபேந்திரன்

பி.கு.: உங்கள் வீட்டு எண் நினைவில்லாமல் அக்காவிடம் கேட்டேன். கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். பிறகு கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். மார்ச் மாதம் ஜொகூர் பாருவில் அவளுக்கும் லோகேஸ்வரனுக்கும் ஆன பதிவுத் திருமணத்தின் சான்றிதழ். சாட்சி என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து. "மாமா சரின்னு சொல்லியிருந்தா அப்பா இந்நேரம் வேணாம்னு குதிச்சிருப்பாரு. அதான் மாமாவே அந்த மெசேஜ போட்டாரு. நீ போய் கெடுத்துடாத லா" என்கிறாள்.

ஆகவே மேலே கேட்ட எதையும் செய்யாதீர்கள். குழுவில் ஒரு வரியும் எழுதவேண்டாம். அப்பாவிடம் கடைசி வரை வரமாட்டேன் என்றே சொல்லுங்கள். அம்மாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, வருவேன் என்று சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது என்று எங்கள் புத்தகம் சொல்கிறது. புத்தகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் ஜூலை ஐந்து காலை ஒன்பது மணிக்குள் மாலையோடு மண்டபத்துக்கு வந்துவிடுங்கள்.